ரத்தத்தை வெளியே எடுத்து வடிகட்டுவார்களாம், பயமாக இருக்கிறது

கேள்வி: என் மனைவிக்கு வயது 36, எடை 55 கிலோ. வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறாள். ஒன்றரை வருடத்துக்கு முன் சாயங்காலமானால் இடது கண் இமை தொங்க ஆரம்பித்தது. அப்புறம் ஊசியில் நூல் கோக்க முடியாமல் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மயஸ்தீனியா கிரேவிஸ் என்று கண்டுபிடித்து, பைரிடோஸ்டிக்மின், பிரெட்னிசலோன் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதமாக அசதயோபிரின் சேர்த்திருக்கிறார்கள். பத்து நாளாகச் சாப்பாடு விழுங்க முடியவில்லை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருகிறது. மதுரையில் சேர்த்திருக்கிறோம். ரத்தத்தில் உள்ள கெட்ட ஆன்டிபாடியை வடிகட்ட வேண்டும், ஐந்து தடவை செய்ய வேண்டும் என்கிறார்கள். என் அம்மா, "உடம்புல இருக்கிற ரத்தத்தை வெளியே எடுத்துட்டா அவ தாங்குவாளா?" என்று அழுகிறார். பக்கத்துப் படுக்கைக்காரர் இது டயாலிசிஸ்தான், ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க விடாது என்கிறார். எதிர்ப்புச் சக்தியை எடுத்துவிட்டால் வேறு நோய் வராதா? இதோடு நோய் போய்விடுமா? என் அக்காவுக்கு மூட்டு முடக்குவாதம் இருக்கிறது. அதுவும் இதே வகை நோய்தானாம். அவருக்கும் இதைச் செய்யலாமா?
– விருதுநகர் மாவட்ட வாசகர்

பதில்:

கடிதத்தில் நீங்கள் கொடுத்திருந்த எண்ணுக்கு அன்றைக்கே பேசினேன். மயஸ்தீனியா உள்ளவருக்கு விழுங்க முடியவில்லை, தண்ணீர் மூக்கில் ஏறுகிறது என்றால், அடுத்து மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடலாம். யோசித்து முடிவு செய்ய நாட்கள் இல்லாத நிலை அது. நீங்கள் அன்று மாலையே சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது நல்லது. போனில் அவசரத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே பயத்தோடு வார்டு வாசலில் நிற்கிற குடும்பங்களை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.

முதலில் நோயைப் பற்றி. உங்கள் வீட்டில் தையல் மிஷின் இருப்பதால் அதிலிருந்தே சொல்கிறேன். நரம்பு ஒரு தசையை அசைக்க வேண்டுமானால், அதன் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே வர வேண்டும். தசையின் மேல் அதை வாங்கிக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன. அசிட்டைல்கோலின் பொத்தான், ஏற்பி பொத்தான் துளை. உங்கள் மனைவிக்குப் பொத்தான் குறையவில்லை. துளைகளைத்தான் தைத்து மூடியிருக்கிறது, சிலவற்றைக் கிழித்தும் போட்டிருக்கிறது. அந்த வேலையைச் செய்வது அவருடைய உடம்பே தயாரித்த ஆன்டிபாடி. கிருமிகளோடு சண்டை போட வேண்டியது, ஆள் தெரியாமல் சொந்தத் தசையின் மேல் பாய்கிறது. பைரிடோஸ்டிக்மின் மாத்திரை பொத்தான்களை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்தி வைக்கும். துளையைத் திறக்க அதனால் முடியாது. அதனால்தான் நோய் முற்றும்போது மாத்திரையை எவ்வளவு கூட்டினாலும் பலன் இல்லை.

குற்றவாளி ஆன்டிபாடிதான் என்று மருத்துவ உலகம் ஒரே நாளில் ஒத்துக்கொள்ளவில்லை. 1960-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜான் சிம்ப்சன் அப்படி இருக்கலாம் என்று எழுதினார். 1973-ல் அமெரிக்காவில் ஜிம் பாட்ரிக், ஜான் லின்ட்ஸ்ட்ரோம் என்ற இருவர், மின்விலாங்கு மீனிலிருந்து எடுத்த இதே ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்களின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்தது. கொஞ்ச நாளில் அவை தலை தூக்க முடியாமல் துவண்டு விழுந்தன. 1976-ல் லண்டனில் மருத்துவர்கள் சில மயஸ்தீனியா நோயாளிகளின் ரத்தத்திலிருந்து அந்த ஆன்டிபாடியை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். சோர்ந்து கிடந்தவர்கள் தேறினார்கள். இன்றைக்கு உங்கள் மனைவிக்குச் செய்வது அதே சிகிச்சைதான், கருவிகள் மட்டும் மேம்பட்டிருக்கின்றன. கிட்டத்தட்ட 50 வருட அனுபவம் இதற்குப் பின்னால் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

எனக்கு இந்த நோயைப் புரியவைத்தது மகப்பேறு வார்டில் பார்த்த குழந்தைகள். மயஸ்தீனியா உள்ள தாய்க்குப் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்றோ இரண்டோ முதல் சில நாட்களில் பால் உறிஞ்சத் தெம்பில்லாமல், அழுகைகூடச் சத்தமில்லாமல் இருக்கும். குழந்தைக்கு நோய் கிடையாது. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்திருக்கும். சில வாரங்களில் அது தானாகக் கரைந்து போகும், குழந்தை சப்பிப் பால் குடிக்க ஆரம்பித்துவிடும். குழந்தையின் உடம்பு அதைப் புதிதாகத் தயாரிக்காததால், வந்தது தீர்ந்ததும் சோர்வும் தீர்ந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு அப்படி முடியாது. எடுக்க எடுக்க ஊறிக்கொண்டே இருக்கும். இதற்குத் திரும்ப வருகிறேன்.

சரி, அம்மாவின் பயம். ரத்தம் முழுவதையும் எடுப்பதில்லை. கழுத்திலோ தொடை மடிப்பிலோ ஒரு பெரிய ரத்தநாளத்தில் குழாய் வைப்பார்கள். ஒரு பக்கம் ரத்தம் மெஷினுக்குப் போகும், மறுபக்கம் திரும்பி வரும். எந்த நேரத்திலும் உடம்புக்கு வெளியே இருப்பது ஏறக்குறைய ஒரு டம்ளர் ரத்தம்தான். மெஷினில் ரத்தம் இரண்டாகப் பிரியும். சில மெஷின்கள் வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும். வேறு சில, மிக நுண்ணிய துளைகள் உள்ள வடிகட்டி வழியாக அனுப்பும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அந்தத் துளைகளில் நுழைய முடியாத பருமன். அவை அப்படியே உடம்புக்குத் திரும்பும். வடிந்து வெளியே போவது பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி. ஆன்டிபாடிகள் அதில்தான் கரைந்திருக்கின்றன. எடுத்த அளவுக்கு ஈடாக, ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் கரைசலையோ, தானமாக வந்த பிளாஸ்மாவையோ அதே நேரத்தில் ஏற்றுவார்கள். அதனால்தான் இதன் பெயர் பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச், அதாவது மாற்று.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 55 கிலோ எடையில் மூன்றரை லிட்டரிலிருந்து நாலு லிட்டருக்குள் ரத்தம் இருக்கும், அதில் பிளாஸ்மா ஏறத்தாழ 2.3 லிட்டர். ஒரு அமர்வில் அவ்வளவை மாற்றுவார்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நோயாளி விழித்துக்கொண்டு பேசிக்கொண்டேதான் இருப்பார். நீங்கள் பக்கத்தில் இருக்க அனுமதித்தால், படுக்கைக்குக் கீழே தொங்குகிற பையைப் பாருங்கள். வெளிறிய நல்லெண்ணெய் மாதிரி ஒரு மஞ்சள், உள்ளிருந்து வந்த சூடு இன்னும் தொட்டால் தெரியும். அதைப் பார்த்து ஒரு பாட்டி என்னிடம், "இதுவா ஐயா என் நாக்கைக் கட்டிப்போட்டது?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி, அதேதான் என்றேன்.

பக்கத்துப் படுக்கைக்காரர் டயாலிசிஸ் என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. பல மருத்துவமனைகளில் இதை டயாலிசிஸ் வார்டிலேயே, அதே ஊழியர்களை வைத்துத்தான் செய்கிறார்கள். கழுத்தில் வைக்கும் குழாயும் ஒரே மாதிரிதான். ஆனால் சல்லடை வேறு. டயாலிசிஸ் வடிகட்டியின் துளைகள் யூரியா, உப்பு மாதிரிச் சின்னச் சின்ன மூலக்கூறுகளை மட்டும் விடும். ஆன்டிபாடி அதில் நுழையவே நுழையாது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அந்த வேலையை மெஷின் வாரந்தோறும் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் டயாலிசிஸ் தொடர்கிறது. உங்கள் மனைவியின் சிறுநீரகத்துக்கு ஒன்றும் இல்லை. ஐந்து தடவை முடிந்ததும் கழுத்துக் குழாயை எடுத்துவிடுவார்கள்.

ஏன் ஒரே நாளில் முடிக்காமல் ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்கிறார்கள்? நம் ஊரில் கிணறு இறைத்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தூர் வார ஒரு நாள் முழுக்க மோட்டார் போட்டு இறைத்தாலும், மறுநாள் காலை பக்கச் சுவர்களிலிருந்து கசிந்து ஓரளவு தண்ணீர் நின்றிருக்கும். ஒரு அமர்வில் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியில் 100-க்கு 60 சொச்சம் போய்விடும். ஆனால் இந்த ஆன்டிபாடியில் பாதிக்கு மேல் ரத்தத்துக்குள்ளேயே இல்லை, சுற்றியுள்ள திசுக்களில் ஊறியிருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் அது ரத்தத்துக்குள் கசிந்து வரும். வந்ததும் மறுபடி எடுக்கிறோம். இப்படி ஐந்து தடவை, பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள். முதல் தடவையிலேயே பலன் தெரியவில்லை என்று மனம் விடாதீர்கள். தசை புது ஏற்பிகளைச் செய்துகொள்ளவும் நாள் பிடிக்கும். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது அமர்வுக்குப் பிறகுதான் முகம் தெளியும்.

நல்ல ஆன்டிபாடிகளும் சேர்ந்து போகுமே என்று கேட்டிருக்கிறீர்கள், நியாயமான கேள்வி. போகத்தான் செய்யும். இந்தச் சல்லடைக்கு நல்லது கெட்டது தெரியாது. ஆனால் அவற்றைச் செய்கிற அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கணுக்களிலும் பத்திரமாக இருக்கின்றன. சில வாரங்களில் இழந்ததைத் திரும்பச் செய்துவிடும். எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டும் (பிரெட்னிசலோன்தான் அது) அசதயோபிரினும் ஏற்கெனவே சாப்பிடுவதால், அதுவரை காய்ச்சல், இருமல், குழாய் வைத்த இடத்தில் சிவப்பு அல்லது வலி என்று எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சையில் நான் அதிகம் கவலைப்படுவதும் அந்தக் குழாய் வழியாகக் கிருமி போவதைப் பற்றித்தான். பார்க்க வருகிறவர்கள் கூட்டமாகப் படுக்கையில் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற தொந்தரவுகள் நடுவிலேயே சமாளிக்கக்கூடியவை. உதடும் விரல் நுனியும் மரத்துப்போகிற மாதிரிக் குறுகுறுக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. சொன்னால் கால்சியம் கொடுப்பார்கள், நின்றுவிடும். பொறுத்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு படுத்திருக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். ரத்த அழுத்தம் இறங்கலாம். ரத்தம் உறைய உதவும் புரதமும் குறைவதால், இடையிடையே அதைப் பரிசோதிப்பார்கள். ரத்தக் கொதிப்புக்கு எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். ஆல்புமின் ஏற்றும்போது அழுத்தம் சட்டென்று விழும். அன்றைய மாத்திரைகளை அமர்வுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று தினமும் நர்ஸிடம் கேளுங்கள். சில மருந்துகள் பிளாஸ்மாவோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

இதோடு நோய் போய்விடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். போகாது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது என் கடமை. கிணற்றை இறைக்கிறோம், ஊற்று அடைபடவில்லை. இந்த ஆன்டிபாடி தானாகப் பாதியாகக் குறைய சுமார் 3 வாரம் ஆகும், ஆனால் அதைச் செய்கிற தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருக்கிறது. பிளாஸ்மா மாற்றின் பலன் சில வாரங்கள், அதிகம் போனால் இரண்டு மாதம். நீங்கள் செலவழிக்கும் பணமும் அவர் படும் பாடும் வாங்கித் தருவது அந்தச் சில வாரங்களைத்தான்.

அந்த வாரங்களை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்களிடம் ஒரு பேருந்து நடத்துநர் வந்தார். குரல் மூக்கில் இழைந்து, ஊர்ப் பெயரைக் கூவ முடியாமல் விசிலிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தவர். மூச்சுப் பலம் பார்க்க நாங்கள் ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்வோம். முதல் நாள் அவர் 11-ல் நின்றார். நாலாவது அமர்வுக்கு மறுநாள் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் 34 வரை போனார். வார்டே கை தட்டியது. வீட்டுக்குப் போனவர், உடம்பு சரியாகிவிட்டது, சுகர் வேறு ஏறுகிறது என்று ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். ஆறாவது வாரம் நடு இரவில் மூச்சுத் திணறலோடு கொண்டுவந்தார்கள். 9 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். பிழைத்துவிட்டார், இப்போது வேலைக்கும் போகிறார். ஆனால் அன்று அவருடைய மனைவி என்னிடம், "எல்லாக் கெட்டதையும் வடிகட்டியாச்சுன்னுதானே சார் சொன்னாங்க" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. நாங்கள் சரியாகச் சொல்லி அனுப்பவில்லை. அன்றிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டு கையில் கொடுக்கும்போது இந்த ஒரு விஷயத்தை மட்டும் மூன்று தடவை சொல்கிறேன்.

உங்கள் மனைவி விஷயத்தில் ஊற்றை அடைக்கிற வேலை ஏற்கெனவே ஆரம்பித்தாயிற்று. ஸ்டீராய்டு சில வாரங்களில் வேலை செய்யும். அசதயோபிரின் மெதுவான மருந்து, முழுப் பலன் தெரிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இரண்டு மாதம் சாப்பிட்டும் கேட்கவில்லையே என்று கைவிட வேண்டாம். இன்னொன்று தைமஸ். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சுரப்பி அது. இந்த நோயில் தப்பான ஆன்டிபாடியைத் தூண்டிவிடுவதில் அதற்குப் பங்கு உண்டு. பத்தில் ஒருவருக்காவது அதில் கட்டி இருக்கும். மார்பு சிடி ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். கட்டி இல்லாவிட்டாலும், ரத்தப் பரிசோதனையில் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால், அவர் வயதில் தைமஸை எடுப்பது பலன் தரும். 126 நோயாளிகளை வைத்துச் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்கள் 3 வருடத்தில் குறைந்த ஸ்டீராய்டோடு அதிகத் தெம்பாக இருந்தார்கள். அவர் தேறியபின் நிதானமாக எடுக்க வேண்டிய முடிவு அது.

இம்யூனோகுளோபுலின் ஊசி என்று இன்னொரு வழி இருப்பதாகவும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த பிளாஸ்மாவிலிருந்து எடுத்த நல்ல ஆன்டிபாடிகளைச் சில நாட்களில் ஏற்றுவது. கழுத்துக் குழாய் வேண்டாம். பலன் ஏறக்குறைய சமம். ஆனால் உங்கள் மனைவியின் எடைக்கு மொத்தம் 110 கிராம் தேவைப்படும், விலை அதிகம். எது கிடைக்கிறது, எது கட்டுப்படியாகும், இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து முடிவு செய்வார்கள். இரண்டையும் செய்தால் நல்லதுதானே என்று கேட்டு, ஊசி போட்ட கையோடு பிளாஸ்மாவை மாற்றச் சொல்லாதீர்கள். போட்ட மருந்து அப்படியே பையில் போய்விடும். இதற்கெல்லாம் அப்பால், ஆன்டிபாடியை உடம்பு சேமித்து வைத்துக்கொள்ளும் வழியையே தடுக்கிற புது மருந்துகள் வந்திருக்கின்றன. எஃப்கார்டிகிமோட் என்ற முதல் மருந்துக்கு 2021 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மெஷின் இல்லாமலே வடிகட்டியது போன்ற பலன். விலைதான் நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

செலவுக்கு, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இன்றே காட்டி எதற்கெல்லாம் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அட்டை வீட்டில் கிடக்க, நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் முடக்குவாதத்துக்கு இது வேண்டாம். அதுவும் உடம்பு தன்னையே தாக்குகிற நோய்தான், ரத்தத்தில் ஆன்டிபாடியும் காட்டும். ஆனால் மூட்டை அரிப்பது அந்த ஒன்று மட்டும் இல்லை. மூட்டுச் சவ்வுக்குள் அணுக்களே புகுந்து உட்கார்ந்திருக்கின்றன, அவற்றை எந்த வடிகட்டியாலும் எடுக்க முடியாது. 1983-லேயே முடக்குவாதக்காரர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்த்துப் பலன் இல்லை என்று கண்டார்கள். உடம்பு தன்னையே தாக்குகிற இன்னொரு நோயான லூபஸில் சிறுநீரகம் கெட்டவர்களிடம் செய்த ஆய்வும் 1992-ல் அதையே சொன்னது. ரத்தக்குழாய் அழற்சி நோய் ஒன்றில் 704 பேரைச் சேர்த்த பெரிய ஆய்வு 2020-ல் வந்தது. அதிலும் எதிர்பார்த்த அளவுக்கு உயிரையோ சிறுநீரகத்தையோ காப்பாற்றவில்லை. ஆன்டிபாடி தானே நேரடியாக நின்று கெடுக்கிற நோய்களில்தான் இது உயிர் காக்கும். மயஸ்தீனியா அப்படி ஒன்று. நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து போகிற குட்பாஸ்சர் நோய் ஒன்று. தட்டணுக்கள் கட்டிக் கட்டியாகச் சேர்ந்து மூளையை அடைக்கிற டிடிபி என்ற நோயில், முன்பெல்லாம் பத்தில் ஒன்பது பேர் இறந்துபோவார்கள், பிளாஸ்மா மாற்று வந்த பிறகு பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அக்காவுக்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற நல்ல மருந்துகள் உண்டு. ரத்தச் சுத்திகரிப்பு என்று யாராவது ஒரு தொகை சொல்லி அவரைக் கூப்பிட்டால் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஒரே ஒரு ஜாக்கிரதை. காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ பக்கத்து கிளினிக்குக்குப் போனால், மருந்து எழுதுவதற்கு முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். ஜென்டாமைசின், சிப்ரோஃபிளாக்ஸசின், அசித்ரோமைசின், ரத்தநாளத்தில் ஏற்றும் மக்னீசியம் எல்லாம் இந்த நோயை ஒரே நாளில் கிளப்பிவிடக்கூடியவை. நோயின் பெயரையும் இந்த மருந்துகளின் பெயரையும் ஒரு அட்டையில் எழுதி, அவருடைய பர்ஸில் ஒன்றும் உங்கள் பையில் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் மாத்திரை போடுவதற்கு முன் ஒரே மூச்சில் எண்ணச் சொல்லி, தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். 20-க்குக் கீழே இறங்கினாலோ, முந்தின நாளைவிடச் சட்டென்று குறைந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஐந்தாவது அமர்வு முடிந்த மறுநாள் எவ்வளவு எண்ணினார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.